சாப்பாட்டு மேசைக்கு மேலே பட்டை அழுகல்

போன மாதம் சுங்கைப் பட்டாணியில் ஒரு புதுமனை புகுவிழா. வீட்டுக்காரன் பெயர் சேகர். நான் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் என் கையின்கீழ் வேலைக்குச் சேர்ந்தவன். இப்போது அவனுக்கே ஓய்வு நெருங்குகிறது. இரண்டு மாடி வீடு கட்டியிருக்கிறான் என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் தடுமாறியது. சுவர் முழுக்கப் பூச்சி.

நிஜப் பூச்சி இல்லை, படம். பழைய காலத்துப் புத்தகங்களில் கையால் வரைந்து வண்ணம் தீட்டியிருப்பார்களே, அந்த வகை. கூடத்தில் கொம்பு முளைத்த வண்டுகள். படிக்கட்டு நெடுக அந்துப்பூச்சி. குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் கரையான் குடும்பம், ராணியோடு. எல்லாவற்றுக்கும் தங்க நிறச் சட்டம். நாங்கள் முப்பது வருஷம் மருந்தடித்துக் கொன்றதையெல்லாம் வரிசையாகக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள்.

"வின்டேஜ் அங்கிள்," என்றாள் சேகரின் மனைவி மாலதி. "இப்ப இதான் ஃபேஷன். பினாங்குல ஒரு கடையில தேடிப் பிடிச்சோம். ஓகேதானே லா?"

ஓகேதான் என்றேன். விருந்துக்கு வந்தவன் வேறு என்ன சொல்வது? சாப்பிட உட்கார்ந்தேன். சாம்பாரை ஊற்றிப் பிசைந்துவிட்டுத் தலை நிமிர்ந்தால், நேர் எதிரே சுவரில் ஒரு ரப்பர் மரப் பட்டை அழுகிக்கொண்டிருக்கிறது.

"அது மட்டும் என்னா படம்னே தெரியல அங்கிள்," என்றாள் மாலதி. "கலர் நல்லா இருந்துச்சு, எடுத்துட்டோம்."

எனக்குத் தெரியும். அதே மாதிரி ஒரு படத்தின்கீழ் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்ட ஒரு மனிதரையும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லப் போய்த்தான் சேகர், "எழுதுங்க அங்கிள், நம்ம பழைய தோட்டத்து ஆளுங்க போடுற நினைவு மலருக்கு ஆகும்," என்று பிடித்துக்கொண்டான்.

நான் லூனாஸில் பிறந்தவன். கொஞ்சம் ஆங்கிலம் படித்ததால் சிடாம் கிரிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கண்டக்டர் வேலை கிடைத்தது. பஸ் கண்டக்டர் இல்லை. வெளிக்காட்டு வேலையை மேற்பார்ப்பவருக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். பயிற்சி மூன்று வருஷம். முதல் வருஷம் நடந்தேன். இரண்டாம் வருஷம் திட்டு வாங்கினேன். மூன்றாம் வருஷம் திட்டக் கற்றுக்கொண்டதும் வேலையை உறுதிப்படுத்தினார்கள்.

அது வெள்ளைக்காரத் துரைகள் ஆண்ட காலம். எங்கள் துரைக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு என்று மேலிடத்தில் பேர். எனக்குத் தெரிந்து அவரிடம் ஐந்து வார்த்தைகள் இருந்தன: வா, போ, சீக்கிரம், சும்மா, காயம். ஒரு தோட்டத்தை நடத்த இவையே தாராளம் என்பதையும் அவரிடம்தான் கற்றேன். மீதியை நான் மொழிபெயர்க்க வேண்டும்.

மனிதர் குரலை உயர்த்தவே மாட்டார். விடியும் முன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு நாயோடு வருவார். நாயைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், மரத்தைப் பார்ப்பார். ஆளை மட்டும் பார்க்க மாட்டார். ஆளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நாயைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொல்வார். நான் ஆளைப் பார்த்துச் சொல்வேன். தன்னிடம்தான் பேசுகிறார் என்று நினைத்து நாய் சில சமயம் வாலாட்டும்.

ஆபீசில் பச்சை அட்டை போட்ட பெரிய புத்தகம் ஒன்று இருந்தது. ரப்பர் மரத்துக்கு வரும் சீக்கு, பூச்சி அத்தனையும் அதில் உண்டு, ஒவ்வொன்றுக்கும் முழுப்பக்க வண்ணப் படத்தோடு. சந்தேகமான வேரோ பட்டையோ வண்டோ கண்ணில் பட்டால் வாழை இலையில் சுற்றி ஆபீசுக்குக் கொண்டுவர வேண்டும். ஜன்னலோர வெளிச்சத்தில் படத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பொருந்தினால் படத்தின் எண்ணைப் போட்டுத் துரைக்கு எழுத வேண்டும். எண் இல்லாத கடிதத்தைத் துரை படிக்க மாட்டார். அது அவரே போட்ட சட்டம், நல்ல சட்டமும்கூட.

பிறகு துரைசானி சீமையிலிருந்து வந்து சேர்ந்தார். பங்களாச் சுவர் மொட்டையாக இருக்கிறது என்பது அவருடைய முதல் குறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்கு வந்து, துரையின் சவரப் பிளேடால் அந்தப் புத்தகத்தின் வண்ணப் படங்களை ஒன்று விடாமல் அறுத்துக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை நான் புத்தகத்தைத் திறந்தால், 'பன்னிரண்டாம் படத்தைப் பார்க்க' என்று எழுத்து இருக்கிறது, பன்னிரண்டாம் படம் இல்லை.

"இதைப் பற்றித் துரையிடம் கேட்கலாமா?" என்று பெரிய கிராணியிடம் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீசுக்குத் தலைமை எழுத்தர்.

"வடிவாக் கேளும் தம்பி," என்றார் அவர், எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "கேட்டுப்போட்டு வேற தோட்டத்தில வேலையும் தேடும்."

நான் கேட்கவில்லை.

படங்கள் சட்டம் போடச் சுங்கைப் பட்டாணிக்குப் போயின. அங்கே இருந்த சீனர் கடையில் சட்டம் போடுவது இரண்டே வகைக்குத்தான்: சாமி படம், செத்தவர் படம். ஆகவே துணி சுற்றிய சட்டங்கள் லாரியில் வந்து பங்களாவில் இறங்கியபோது, துரைசானிக்குப் பக்தி முற்றிவிட்டது என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. புல்வெட்ட வந்த ஒருவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் போய்ச் சொன்னான்: "சாமிதான்யா. ஆனா புழுச் சாமி." வெள்ளைக்காரர்கள் வீட்டுக்குள் புழுவையும் வண்டையும் வைத்துக் கும்பிடுகிறார்கள் என்று ஆட்கள் முடிவுகட்டினார்கள். அப்படிக் கும்பிடுகிறவர்கள் மரத்தில் இருக்கும் புழுவை ஏன் கொல்லச் சொல்கிறார்கள் என்று என்னிடமே ஒரு கிழவர் விளக்கம் கேட்டார்.

சீக்கு படத்துக்காகக் காத்திருக்குமா? அடுத்த மாதமே வேர் அழுகிய மரம் ஒன்று சாய்ந்தது. வேரை வாழை இலையில் சுற்றிக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். வேர்ச்சீக்குப் படம் பியானோவுக்கு மேலே மாட்டியிருந்தது. கிட்டே போய்ப் பார்க்க இரண்டு எட்டு வைத்தேன். இரண்டும் கம்பளத்தின் மேல். துரைசானி போட்ட சத்தத்தில் குசினிக்கார அந்தோணி துடைக்கும் துணியோடு ஓடிவந்து, நான் நடக்க நடக்கப் பின்னாலேயே முட்டிபோட்டுத் துடைத்துக்கொண்டு வந்தார். இனிமேல் படம் பார்க்க வேண்டுமானால் முதல் நாளே சீட்டு அனுப்ப வேண்டும், காலைக் கழுவிக்கொண்டு பின்வாசல் வழியாக வர வேண்டும், விருந்தாளிகள் இல்லாத நேரமாக இருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. என் தொழில் அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, அதைப் பார்க்க நான் அனுமதி கேட்க வேண்டும். இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. சபதத்தின் செலவை இன்னொருத்தி தலையில் கட்டப்போகிறேன் என்று தெரியாது.

அவள் பெயர் ராக்கம்மா. பால்மரம் வெட்டுபவள். புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். வாய் நீளம், கத்தி சுத்தம். அவள் வெட்டும்போது பட்டைச் சீவல் தாள் மாதிரி விழும். அவளுடைய மர நிரைகள் ஓடையை ஒட்டிய பள்ளத்தில் இருந்தன. வெயில் எட்டாத இடம்.

அந்த வருஷம் மழை விட்டதும் துரை பட்டைச் சோதனைக்குக் கிளம்பினார். சோதனையின் முறை இதுதான். துரை கைத்தடியோடு முன்னால் போவார். நான் சுண்ணாம்புக் கட்டியோடு பின்னால். கத்தி ஆழமாகப் போய்ப் பட்டையைத் தாண்டி மரத்தைத் தொட்டுவிட்டால் அதற்குக் காயம் என்று பேர். காயம் பட்ட இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, முண்டும் முடிச்சுமாகிவிடும், மறுபடி வெட்ட முடியாது. துரை தடியால் தொட்டு "காயம்" என்பார். நான் வட்டம் போடுவேன். வெட்டியவள் பக்கத்தில் கைகட்டி நிற்க வேண்டும். வட்டம் கூடிப்போனால் சீட்டுக் கிழியும். வேலை போனால் லயத்து வீடும் போகும்.

ராக்கம்மாவின் நிரையில் முதல் மரத்திலேயே துரை நின்றுவிட்டார். வெட்டுக்கோட்டுக்கு மேலே ஒரு விரல் தள்ளி, கோட்டோடு கோடாகப் பட்டை கறுத்து உள்வாங்கி, நடுவில் மரம் தெரிந்தது. அடுத்த மரத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"இது கத்தி பட்டது இல்லீங்கய்யா," என்றாள் ராக்கம்மா என்னிடம். "மழ பேஞ்சப்ப சாம்பல் பூத்தாப்புல இருந்துச்சு. மழ விட்டதும் சாம்பல் போயி இப்புடிக் கறுத்திருச்சு. தொரைகிட்டச் சொல்லுங்கய்யா."

"காயம்," என்றார் துரை நாயைப் பார்த்து.

எனக்குச் சந்தேகம் தட்டியது. கத்திக் காயமென்றால் ஓரம் கூராக இருக்கும். இங்கே விரலால் தடவினால் உதிர்ந்தது. அதைவிட, எல்லா மரத்திலும் ஒரே உயரத்தில் இருந்தது. எந்தக் குடிகாரன் வெட்டினாலும் அத்தனை மரத்திலும் அளந்துவைத்தாற்போல் ஒரே இடத்தில் தவறு செய்ய முடியாது. வெட்டுக்கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கும்; மழை பெய்த வாரம் வெட்டிய புதுப் பட்டையில்தான் ஏதோ இறங்கியிருக்கிறது. இவ்வளவும் எனக்குத் தோன்றியது. ஆனால் வாயைத் திறந்தால் துரை எண் கேட்பார். ஒப்பிட்டுப் பார்க்காமல் எண் போட முடியாது, படம் பங்களாவில் இருக்கிறது. எண்ணுக்காகச் சீட்டு அனுப்பி, காலைக் கழுவி, பின்வாசலில் நிற்க வேண்டும்.

நான் வட்டம் போட்டேன். ஒரு மரம் விடாமல் போட்டேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

மூன்றாம் நாள் ராக்கம்மாவை வேலையிலிருந்து நிறுத்தும் சீட்டுத் தயாராகிவிட்டது. பெரிய கிராணி தட்டச்சு செய்து, "கையெழுத்து வாங்கிக்கொண்டு வாரும்," என்று என்னிடம் நீட்டினார். துரை மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். சபதமாவது ஒன்றாவது, ஆபீஸ் வேலை என்றால் பங்களாவுக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? காலைக் கழுவிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய், சாப்பாட்டு அறை வாசலில் நின்றேன்.

துரை கோழிக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே ராக்கம்மாவின் மரம் இருந்தது.

கறுத்த கோடு, உள்வாங்கிய பட்டை, நடுவில் தெரியும் மரம், ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் நிறப் பூஞ்சணம். பக்கத்தில் சின்னதாக, கத்திக் காயம் எப்படி இருக்கும் என்றும் வரைந்து காட்டியிருந்தார்கள், யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாதே என்று. கீழே எண், பன்னிரண்டு. மனிதர் மூன்று மாதமாகத் தினம் மூன்று வேளை அதன்கீழ் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

துரை என்னைப் பார்க்காமலே சீட்டுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "சார், உங்கள் தலைக்கு மேலே," என்றேன்.

துரை நாற்காலியோடு பின்னால் சாய்ந்து எகிறினார். தட்டு கவிழ்ந்தது. துரைசானி "பாம்பு!" என்று கத்திக்கொண்டு நாற்காலி மேல் ஏறிவிட்டார். அந்தோணி கத்தியோடு ஓடிவந்தார். பாம்பு இல்லை, பன்னிரண்டாம் படம் என்று எல்லாருக்கும் விளங்கவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கிய பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. ஒரு படத்தைப் பற்றிப் பேசவா என் சாப்பாட்டைக் கெடுத்தாய் என்று துரை கேட்டார். நாயிடம் இல்லை, என்னிடமே கேட்டார். முதல்முறையாக அவர் என் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். என் சீட்டையும் சேர்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன்: "காயம் என்று நான் வட்டம் போட்டது தப்பு சார். அது இந்தச் சீக்கு."

காப்பாற்றியது நியாயம் இல்லை, புருஷன் பெண்டாட்டிச் சண்டை. துரைசானி நாற்காலியிலிருந்து இறங்கிப் படத்தைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். "நான் மாட்டிய எதையாவது நீங்கள் ஒரு நாளாவது ஏறெடுத்துப் பார்த்ததுண்டா?" என்று ஆரம்பித்தவர், பிறந்த வீட்டுப் பெருமையிலிருந்து கப்பல் பயணம் வரை எல்லாவற்றையும் எடுத்து விட்டார். முடிவில், மரத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இப்போதே பார்த்தாக வேண்டும் என்றார். துரைக்கு மரத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று.

அந்த ஊர்வலத்தை நான் மறக்க முடியாது. முன்னால் நாய். பின்னால் முகம் சிவந்த துரை. குடை பிடித்துக்கொண்டு துரைசானி. அவருக்குப் பின்னால் அந்தோணி, தங்கச் சட்டம் போட்ட படத்தைத் தலையில் சுமந்துகொண்டு. கடைசியில் கையெழுத்தாகாத சீட்டோடு நான். பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஆட்கள் பாதையில் ஒதுங்கி நின்றார்கள். புழுச் சாமி புறப்பாடு என்றே நினைத்துவிட்டார்கள். என்னிடம் விளக்கம் கேட்ட அந்தக் கிழவர் தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கும்பிடும் போட்டார்.

ஓடைக்கரையில் என் சுண்ணாம்பு வட்டத்துக்குப் பக்கத்தில் அந்தோணி படத்தைப் பிடித்தார். அச்சு அசல். துரைசானி கைதட்டினார். துரை வானத்தைப் பார்த்தார். ராக்கம்மாவைக் கூப்பிட்டு வந்தார்கள். சாமான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவள் அந்தக் கையோடு வந்தாள்.

அவள் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு துரையை நேராகப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"இந்த மரத்துக்கும் இதே காயந்தானே இருக்கு? இத வெட்டுனவளுக்கு எப்பச் சீட்டுக் கிழிச்சீங்க? என் மரத்துக்கு வட்டம், இந்த மரத்துக்குத் தங்கச் சட்டமா? தெனம் இதப் பாத்துக்கிட்டே சோறு திங்கிறவருக்கு அங்க தெரிஞ்சது இங்க தெரியலியா, இல்ல அங்கயும் தெரியலியா? கேளுங்கய்யா, தொரையக் கேட்டுச் சொல்லுங்க."

துரை என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறாள்?"

"நன்றி சொல்கிறாள் சார்," என்றேன்.

"காயம் என்று சொன்னாளே?" அந்த ஒரு வார்த்தை அவருக்குத் தெரிந்துதானே தொலைத்திருந்தது.

"இனிமேல் காயம் வராது என்கிறாள் சார்."

"நல்லது," என்று துரை நாயின் தலையைத் தடவினார். சீட்டை என்னிடமிருந்து வாங்கிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த ஐந்தில் இல்லை. அவர் பேசும் ஆங்கிலத்திலும் அது இருந்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு ராக்கம்மா என்னைப் பார்த்தாள். "நான் அம்புட்டு நீளமாக் கேட்டேன். நீங்க ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டீங்க. இங்கிலீசு அவ்வளவு சுருக்கமான பாசையாய்யா?"

நான் மரத்தில் இருந்த சுண்ணாம்பு வட்டத்தை உள்ளங்கையால் அழிக்க ஆரம்பித்தேன்.

"வட்டம் போட்டதும் ஒங்க கைதான்," என்று சொல்லிவிட்டு, மூட்டையை அவிழ்க்கப் போனாள்.

மறுநாளிலிருந்து வெட்டிய பட்டைக்கெல்லாம் சிவப்பு மருந்து பூசினோம். ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் கத்தியை மருந்தில் முக்கச் சொன்னோம். பள்ளம் முழுக்க மரங்கள் வெற்றிலை போட்ட வாய் மாதிரி நின்றன. சீக்கு அடங்கியது. மேனேஜரின் நுண்ணிய கவனிப்பால் நோய் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது என்று மேலிடத்துக்குக் கடிதம் போயிற்று. பெரிய கிராணி ஒரு எழுத்துப் பிழையில்லாமல் தட்டச்சு செய்தார். பன்னிரண்டாம் படம் மறுபடியும் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஏறியது. புத்தகத்துக்குத் திரும்பவில்லை. என் சேவையைப் பாராட்டி, பின்வாசலில் எனக்கென்று ஒரு கால்மிதி போட்டார்கள்.

ராக்கம்மா அந்தத் தோட்டத்திலேயே வேலை செய்து, இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாள். என்னை எங்கே பார்த்தாலும், "இன்னிக்கி எத்தன வட்டம்யா?" என்று கேட்பாள். பத்துப் பேர் நடுவிலும் கேட்பாள். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். துரையும் துரைசானியும் சீமைக்குத் திரும்பியபோது படங்களும் கப்பலேறின. அதன் பிறகு எனக்குப் பதவி உயர்ந்தது, வேறு தோட்டங்கள் பார்த்தேன், எத்தனையோ துரைகளுக்கு எத்தனையோ பேர் சொன்னதை மொழிபெயர்த்தேன். அதிகமும் நன்றிதான் சொன்னார்கள், என் மொழிபெயர்ப்பின்படி.

சேகர் வீட்டு மேசையில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்து, ராக்கம்மா கேட்டதை ஒரு வார்த்தை குறையாமல் சொன்னேன். மாலதியின் சீனத் தோழி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன். ஆங்கிலம் அப்படியொன்றும் சுருக்கமான பாஷை இல்லை. ராக்கம்மாவின் ஒவ்வொரு கேள்விக்கும் அதில் தாராளமாக இடம் இருந்தது.

மாலதி சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாவம் லா அந்தம்மா," என்றாள். "அதுக்கு அந்தத் துரை என்னதான் பதில் சொன்னாரு அங்கிள்?"

"அவரை யாரும் கேட்கவே இல்லையே அம்மா," என்றேன்.